புகைக்குக் காசு கொடுக்கப் போற மருமவனுக்கு

மருமவனே, வீட்டுக்குப் பின்னால இருக்குற அந்தப் பத்தடி சிமெண்டுத் தரையில பெல்லட் கிரில் வைக்கப் போறியாமே, உங்கம்மா சொன்னா. சந்தோசம். சாலாக் செலாத்தான்ல எல்லார் வீட்டுலயும் காடி நிக்குது. கட்டையைத் தானா தின்னு தானா புகை விடுற அடுப்பு யாருகிட்ட இருக்கு? சுமத்ராவுல காடு எரிஞ்சு புகைமூட்டம் வந்தப்பல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டு ரெண்டு அரசாங்கத்தையும் திட்டின பய நீ. இப்ப ஆயிரக்கணக்குல வெள்ளி கொடுத்து வீட்டுக்கே கூட்டிட்டு வர்ற. முன்னேற்றந்தான்.

புகையைப் பத்தி எங்கிட்ட கேட்டிருக்கலாம். தோட்டத்துல ரப்பர் ஷீட்டைக் கம்புல தொங்கவிட்டு, பால்மரக் கட்டையை எரிச்சு நாள்கணக்கா புகை போடுவோம். சூடு ஏறினா ஷீட்டுல கொப்புளம், எறங்கினா பூசணம். ராத்திரி முழிச்சிருந்து பார்த்துக்க ஒரு ஆளு வேணும். அந்த ஆளோட வேலையைத்தான் உன் மெசின் செய்யுது. அமெரிக்காவுல ஒரிகன் மாநிலத்துல வீட்டைச் சூடாக்குற அடுப்பு வியாபாரம் பார்த்த டிரேகர் குடும்பம் கண்டுபுடிச்சது; ஜோ டிரேகருக்கு 1986-ல காப்புரிமை கெடச்சுது. மரத்தூளை அழுத்திப் பென்சில் கனத்துக்குத் துண்டு துண்டாக்கி வச்சிருப்பான். அதைப் பெட்டியில கொட்டினா, ஒரு திருகுத்தண்டு கொஞ்சங்கொஞ்சமா தீக்கிண்ணத்துக்குத் தள்ளும். கரண்டுக் கம்பி சிவந்து பத்தவைக்கும், விசிறி ஊதும், சூட்டை அளந்து பார்த்து ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் தீனியைக் கூட்டிக் குறைக்கும். கிராணி, கங்காணி, கூலியாளு மூணு பேரும் ஒரே டப்பாவுக்குள்ள இருக்குற மாதிரி. எங்க தோட்டத்துலகூட அவங்களுக்குள்ள இவ்வளவு ஒத்துமை கெடையாது.

கரண்டு இல்லேன்னா மூணு பேரும் ஸ்டிரைக்கு. நம்ம பக்கம் சாயங்காலம் இடி இடிச்சா முதல்ல விழுறது வீட்டு மெயின் சுவிட்சு. பாதியில விசிறி நின்னா, கனல் திருகுத்தண்டு வழியா ஊர்ந்து பெட்டியில இருக்குற கட்டையைத் தேடிப் போகும். அதனால வானத்தைப் பார்க்காம ஆட்டுத்தோளை உள்ளே வைக்காத. அமெரிக்காவுல இருந்து மெசினைக் கூட்டாளி மலிவா அனுப்புறானாமே? அங்க 120 வோல்ட்டு, நம்ம செவுத்துல அதுக்கு ரெண்டு பங்கு. சொருகிப் பாரு, சமையல் ஒரே நிமிசத்துல முடிஞ்சிடும்.

இடியையாவது காதால கேட்கலாம். ஈரம் சத்தம் போடாது. இந்த ஊரு காத்துல அந்தத் துண்டுங்க தண்ணியைக் குடிச்சு உப்பி, பழையபடி மரத்தூளா உதிரும். திருகுத்தண்டுக்குள்ள உப்பிச்சுன்னா காஞ்ச சிமெண்டுதான், உளியை எடுக்கணும். சமைச்சு முடிச்சதும் பெட்டியைக் காலி பண்ணி, மிச்சத்தை இறுக்கமா மூடி போட்ட டப்பாவுல வை. ஒடிச்சுப் பாரு: படக்குன்னு ஒடிஞ்சா நல்ல சரக்கு, பொலபொலன்னா வேணாம். சமையலுக்குன்னு மூட்டையிலயே போட்டிருக்கணும். மலிவா கெடைக்குதுன்னு பலகைத் தொழிற்சாலைத் தூள்ல செஞ்சதை வாங்கினா, கறியோட சேர்த்து பசையும் சாயமும் புகையாகும்.

அது சரி, எதைச் சமைக்கப் போற? நீ பார்க்குற வீடியோவுல வெள்ளைக்காரன் பன்னெண்டு மணி நேரம் கண்ணுல தண்ணி விட்டுக்கிட்டு வேகவைக்கிறது மாட்டு நெஞ்சுக்கறி. அதோட உங்கம்மா சாமி மேடையைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போயிடுவியா நீ? சாத்தேன்னு சொல்லாத. சாத்தேக்குக் கரி நெருப்பு நேரா நக்கணும். உன் மெசின்ல தீக்கு மேல தகடு, அனல்தான் சுத்தி வரும். சாத்தே வேணும்னா கொமுட்டர் ரயிலேறி காஜாங் போ, செலவு கம்மி. இதுக்கு ஏத்தது முழுக்கோழியும் ஆட்டுத்தோளும். மெசின்ல 225-ன்னு காட்டினா பதறாத, அது பாரன்ஹீட்டு. நம்ம கணக்குல 107 டிகிரி. தோளு பஞ்சா உதிர ஏழெட்டு மணி நேரம் ஆகும், ஒன்பது கிலோ மூட்டையில பாதி காலியாகும்.

மெசின் கழுவிக்கும்னு நெனச்சிடாத. தீக்கிண்ணத்துச் சாம்பலை வழிக்கணும், கொழுப்பு வடியுற வாளியைக் கொட்டணும். கொட்டலேன்னா பின்சந்து எலியெல்லாம் உன் வீட்டுல ஓப்பன் ஹவுஸ் நடத்தும். பின்வீட்டு ஆன்ட்டி துணி காயப்போடுற நாளையும் கேட்டு வச்சுக்க.

இவ்வளவு சொல்லியும் வாங்கத்தான் போற, தெரியும். வாங்கு, நல்லா வாங்கு. தோளை மட்டும் அவசரப்படுத்தாம பஞ்சா வேகவை. எனக்குக் கடைவாய்ப் பல்லெல்லாம் போயி வருசமாச்சு. டாக்டர் ஆட்டுக்கறி கூடாதுன்னிருக்காரு, உங்க அத்தைகிட்ட மூச்சு விட்டுடாத.