சேலை, சம்பளம், சனிக்கிழமை வகுப்பு

கேள்வி-பதில் / கிருலப்பனையிலிருந்து

கேள்வி: டொக்டர், சட்டத்தரணி வரிசையில் ஆசிரியரையும் வைக்கலாமா, ஐயா? (வெள்ளவத்தை)

பதில்: தாராளமாக. இலங்கை ஆசிரியர் சேவை 1994இலேயே வந்துவிட்டது. வகுப்பு, தரம், பதவியுயர்வு எல்லாம் அதில் உண்டு. ஆனால் 9ஆம் வகுப்பின் கதவைச் சாத்திய பிறகு எந்தக் கல்விப் பணிப்பாளரும் எட்டிப் பார்ப்பதில்லை. அந்த நாற்பது நிமிடத்தில் சேர் என்ன செய்கிறார் என்பதில்தான் அவருடைய தொழில்வாண்மை இருக்கிறது.

கேள்வி: சேலை உடுத்தால்தான் டீச்சரா? (கொட்டாஞ்சேனை)

பதில்: 2022 நவம்பரில் சில ஆசிரியைகள் வேறு உடையில் வந்தபோது நாடே இதைத்தான் விவாதித்தது. பாணுக்கும் பெற்றோலுக்கும் நாம் திண்டாடிய வருடம் அது. பின்னக்கணக்கு விளங்காத பிள்ளைக்கு, பட்டுச் சேலையில் சொன்னாலும் விளங்காது.

கேள்வி: தன் வகுப்புப் பிள்ளைகளுக்கே சேர் காசுக்கு ரியூஷன் கொடுப்பது பிழையா? சம்பளம் போதாதே! (பாமன்கடை)

பதில்: சம்பளம் போதாது என்பது உண்மை. காலையில் பெரியாஸ்பத்திரியில் அரை ஊசி போட்டுவிட்டு, "மிச்சத்துக்குப் பின்னேரம் சனல் பண்ணி வாங்கோ" என்று டொக்டர் சொன்னால் விடுவீர்களா? சேர் மட்டும் ஒளியியலின் பாதியைச் சனிக்கிழமைக்கு ஒதுக்கிவைத்தால், காசு கட்டி அனுப்புகிறோம். வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கட்டும், நான் குறுக்கே நிற்கமாட்டேன். தன் வகுப்பில் காசு கட்டாத பிள்ளை எது என்று ஒரு ஆசிரியருக்குத் தெரிந்திருப்பதே ஆபத்து. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி இந்த இடத்தில்தான் ஒழுகுகிறது.

கேள்வி: அடி உதவுமாப்போல அண்ணன் தம்பி உதவான் என்பார்களே? (தெமட்டகொடை)

பதில்: அடியின் விலை தெரியுமா? ஆசிரியர் அறைந்து மாணவன் ஒருவனின் செவிப்பறை பாதிக்கப்பட்ட வழக்கில், 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் ஆசிரியரை 1,50,000 ரூபாவும் அரசை 5,00,000 ரூபாவும் கொடுக்கச் சொன்னது. உடல் தண்டனை வேண்டாமென்ற கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005இலேயே வந்தது. அலுவலக அலுமாரியில் பத்திரமாக இருந்திருக்கும்.

கேள்வி: 2021இல் ஆசிரியர்கள் மாதக்கணக்கில் ஒன்லைன் வகுப்பை நிறுத்தினார்களே, அதுவும் தொழில்வாண்மையா? (நாரஹேன்பிட்டி)

பதில்: 1997இலிருந்து இழுபட்ட சம்பள முரண்பாடு அது. வேலைநிறுத்தம் ஜூலையில் தொடங்கி ஒக்டோபர் வரை போனது. பிள்ளைகள் இழந்தது உண்மை. அதுவரை டேட்டாவுக்குத் தன் கைக்காசைப் போட்டவர்களும் அதே ஆசிரியர்கள்தான். டொக்டர்மார் வேலைநிறுத்தம் செய்தால் 'கோரிக்கை', டீச்சர்மார் செய்தால் 'துரோகமா'?

கேள்வி: நல்ல ஆசிரியரைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லுங்கள். (கிருலப்பனை)

பதில்: பிள்ளையின் கணக்குக் கொப்பியைத் திறவுங்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒரு சரி அடையாளமும் கையெழுத்தும் மட்டும் என்றால் மூடிவிடுங்கள். மூன்றாம் வரியில் விட்டுப்போன கழித்தல் குறியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் "இதைத் திரும்பச் செய்" என்று எழுதியிருந்தால், அந்த டீச்சருக்கு இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் அனுப்பிக் கரைச்சல் கொடுக்காதீர்கள். இன்னும் முப்பத்தொன்பது கொப்பி மிச்சமிருக்கும்.