டிரைவரின் பென்டிரைவ்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் வேனில் முதல் பாட்டு சீர்காழி கோவிந்தராஜன். பிள்ளையாருக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்தியாயிற்று. அடுத்து இளையராஜா. வேதகிரீஸ்வரர் மலை கண்ணில் படும்போது தேவாவின் கானா. ஈஸ்வரன் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை. பிறகு எல்.ஆர்.ஈஸ்வரி. அவர் அம்மனை அழைக்கப் போகிறாரா, கிளப் டான்ஸுக்குப் பாடப் போகிறாரா என்பது பென்டிரைவின் சித்தம். மேல்மருவத்தூர் போய்த் திரும்பும் செவ்வாடை அம்மா ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கி, பல்லவி வந்ததும் கொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

கேசட் காலத்தில் இந்தக் கலவைக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம்தான். பட்டியல் எழுதிக் கொடுத்தால், கடைசியில் மிஞ்சும் இடத்தில் ரெக்கார்டிங் கடைக்காரர் தன் ரசனையைச் செருகிவிடுவார். காதலிக்குப் பதிவு செய்த கேசட் அதனால் ஒப்பாரியில் முடிந்ததும் உண்டு. 2017இல் வந்த சரிகம காரவான் பெட்டியிலோ 5,000 பாட்டுகள், யாரும் எதையும் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. சென்னையில் இப்படிக் கலந்த பாட்டுப் பட்டியலையே 'பன்முக ரசனை' என்று சொல்லி நண்பர்களுக்கு அனுப்புகிறார்கள். அதில் பாதி அவர்களே கேட்காத ஜாஸ்.

“அண்ணே, வேற பாட்டு வைங்களேன்” என்றார் பின்சீட்டு இளைஞர்.

“மாத்துனா மொதல்ல இருந்து ஆரம்பிக்கும் தம்பி, பரவாயில்லையா?”