பேஸ்மென்டில் ஒரு மனமகிழ் மன்றம்

மினியாபொலிஸ்,
ஜனவரி மாதம்.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,



நான் அமெரிக்காவில் சூதாட்ட விடுதி திறந்திருப்பதாகவும், அதற்காக வீட்டுக்கு அடியில் சுரங்கம் தோண்டியிருப்பதாகவும் பாளையங்கோட்டையில் பேச்சு அடிபடுகிறதாம். உங்கள் மருமகள் சித்தியிடம் போனில் சொன்னது ஒரே வரிதான்: ‘கீழே சீட்டாட ஒரு ரூம் கட்டிக்கிட்டு இருக்காங்க.’ மிச்சத்தை வழியில் யார் யாரோ சேர்த்திருக்கிறார்கள். தமிழய்யாவாக இருந்து ஓய்வு பெற்ற நீங்கள் வள்ளுவரின் 94ஆம் அதிகாரத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால், தினமும் சாயங்காலம் மன்றத்தில் ரம்மி ஆடுகிற சித்தப்பாவிடம் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், சுரங்கம் நான் தோண்டியதில்லை. வீட்டோடு வந்தது. இங்கே குளிர்காலத்தில் மண்ணுக்குள் இருக்கிற ஈரம் உறைந்து உப்பி, மேலே இருக்கிற வீட்டையே தூக்கிவிடும். அதனால் அஸ்திவாரம் 42 அங்குலத்துக்குக் கீழே போக வேண்டும் என்பது எங்கள் மினசோட்டா மாநிலத்தின் தென்பாதியில் கட்டட விதி. வடக்கே 60 அங்குலம். அவ்வளவு தோண்டின பிறகு இன்னும் நாலடி தோண்டினால் ஒரு தளமே சும்மா கிடைக்கிறதே என்று இந்த ஊர்க்காரர்கள் கணக்குப் போட்டதன் பலன்தான் பேஸ்மென்ட். எங்கள் பேஸ்மென்டில் இதுநாள் வரை கொலுப் பொம்மைப் பெட்டிகளும், பையன் ஆசையாகக் கேட்டு வாங்கி அப்புறம் திரும்பிப் பார்க்காத மிருதங்கமும் குடியிருந்தன. வெளியே மைனஸ் இருபத்தைந்து. திண்ணை என்று ஒன்று கிடையாது. நாலு பேர் உட்கார்ந்து பேச வேறு எங்கேதான் போவது?

சுவர் தடுக்கவும் வயர் இழுக்கவும் நகராட்சியில் அனுமதி வாங்க வேண்டும். அறை எதற்கு என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம். ‘ரிக்ரியேஷன் ரூம்’ என்று எழுதினேன். உங்கள் மன்றத்துப் போர்டிலும் ஆங்கிலத்தில் அதே ‘ரிக்ரியேஷன்’தானே? ஆக, சர்க்கார் காகிதத்தில் நீங்களும் நானும் ஒரே தொழில். இன்ஸ்பெக்டர் வந்து சுவரை மூடுவதற்கு முன் வயர்களைப் பார்த்துவிட்டுப் போனார். இன்னொரு தொல்லை, மண்ணுக்குள்ளிருந்து கசிகிற ரேடான் வாயு. நிறமில்லை, வாசனையில்லை, வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரலாம். அளவு லிட்டருக்கு 4 பிகோகியூரியைத் தொட்டால் குழாய் வைத்து, விசிறியால் உறிஞ்சிக் கூரைக்கு மேலே தள்ளிவிடச் சொல்கிறார்கள். வைத்தாயிற்று. முகத்தில் எதையும் காட்டாமல் ஆளைக் கவிழ்ப்பதில் அதுவும் ஒரு போக்கர் ஆட்டக்காரர்தான்.

ஆட்டம் என்னவென்று கேட்பீர்கள். போக்கர்தான். ரம்மியில் கையில் பதின்மூன்று சீட்டு; இதில் இரண்டே இரண்டு. நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறப்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டிக்கொண்டே போக வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் பயந்து சீட்டைக் கவிழ்த்துவிட்டால் கடைசியில் நிற்கிறவருக்குத்தான் பணம்; என்ன வைத்திருந்தார் என்று காட்டவே வேண்டாம். செட் சேராமலே டிக்ளேர் பண்ணி, சீட்டைக் காட்டாமல் எழுந்து போகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மன்றத்தில் இதற்கு அடிதடியே நடக்கும்.

இங்கே வீட்டுக்கு வீடு இந்தப் பித்து பிடித்தது 2003க்குப் பிறகு. டென்னஸியைச் சேர்ந்த கிறிஸ் மனிமேக்கர் என்கிற கணக்கர் இன்டர்நெட்டில் 86 டாலர் கட்டி ஒரு தகுதிப் போட்டியில் ஜெயித்து, அதன் வழியாக லாஸ் வேகஸ் உலகப் போட்டிக்குப் போய் 25 லட்சம் டாலரோடு திரும்பினார். மனிமேக்கர் என்பது அவருடைய நிஜமான குடும்பப் பெயர், சத்தியமாக. அவரை டிவியில் பார்த்த ஒவ்வொரு கணக்கரும் அடுத்த வாரமே மேஜைக்கு அளவெடுக்க ஆரம்பித்துவிட்டார்.

மேஜைதான் இந்த அறையின் மூலவர். மற்றதெல்லாம் பிராகாரம். கடையில் நல்லதாக வாங்கினால் ஆயிரம் டாலரைத் தாண்டும். அதனால் நாங்களே செய்தோம். பிளைவுட் பலகை இங்கே எட்டடிக்கு நாலடியாகத்தான் வருகிறது. அதன் இரண்டு முனையையும் அரைவட்டமாக வெட்டினால் சுற்றளவு சுமார் இருபதரை அடி. பத்துப் பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு இரண்டடி. முழங்கை இடிக்காது, பக்கத்து ஆள் சீட்டும் தெரியாது. பலகையை யார் எந்தக் கணக்கில் அறுத்தார்களோ, போக்கருக்கென்றே அளந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் பேஸ்மென்ட் மாடிப்படி பாதியில் திரும்புகிறது. முழுப் பலகை திரும்பாது. கராஜிலேயே இரண்டாக அறுத்து, கீழே கொண்டுபோய் போல்ட் போட்டு முடுக்கினோம்.

அதன்மேல் மெல்லிய ஃபோம். இது சொகுசுக்கு இல்லை. வெறும் பலகையில் கிடக்கிற சீட்டை நகத்தால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். அடியில் ஃபோம் இருந்தால் விரலால் அமுக்கினதும் ஓரம் தூக்கிக்கொடுக்கும். ஃபோமுக்கு மேல் ‘ஸ்பீடு கிளாத்’ என்று ஒரு பாலியஸ்டர் துணி. சீட்டு அதில் வழுக்கிக்கொண்டு ஓடும். தண்ணீர் சிந்தினாலும் முத்து முத்தாக நிற்கும், சட்டென்று ஊறாது. துணியை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இழுத்து இழுத்து அடியில் பின் அடிக்க வேண்டும். ஒரு ஆள் இழுக்க, ஒரு ஆள் அடிக்க, உங்கள் மருமகள் மேலேயிருந்து ‘சுருக்கம் தெரியுது’ என்று சொல்ல, மூன்று ஆள் வேலை. சுற்றிலும் முழங்கை வைக்கத் திண்டு. திண்டுக்கு உள்பக்கம் ஒரு மரச்சட்டம், தம்ளர் இறங்குவதற்குக் குழிகளோடு. குழி அவசியமா என்று என்னைக் கேட்டால், மற்ற எதை விட்டாலும் அதை விடக்கூடாது என்பேன். நம் ஆட்கள் கையை ஆட்டாமல் பேசுவதில்லை.

விளக்கு அடுத்தது. மேஜைக்கு நேர் மேலே, நீளவாக்கில், மஞ்சள் வெளிச்சம் தருவதாகத் தொங்க வேண்டும். கண்ணில் குத்தக்கூடாது, பிளாஸ்டிக் சீட்டின் மினுமினுப்பில் பட்டுத் தெறிக்கவும் கூடாது. மின்விசிறி கிடையாது. காற்றுக்குப் பறக்காமல் சீட்டின்மேல் நீங்கள் வெற்றிலைப் பெட்டியை வைக்கிற சங்கடம் எங்களுக்கு இல்லை.

பெரிய சண்டை சுவரில்தான் வந்தது. எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் கொடுத்த தஞ்சாவூர் ஓவியம், வெண்ணெய்க் கிருஷ்ணன், அதைக் கீழே மாட்டலாம் என்றாள் உங்கள் மருமகள். கண்ணாடிச் சட்டம். மேஜை விளக்கில் அந்தக் கண்ணாடி அப்படியே நிலைக்கண்ணாடியாகிவிடும். கிருஷ்ணனுக்கு முன்னால் உட்கார்கிறவன் சீட்டெல்லாம் எதிரே இருக்கிறவனுக்குத் தெரியும். போக்கர் அறையில் நிலைக்கண்ணாடி, கண்ணாடி அலமாரி, அணைத்து வைத்த டிவி எதுவும் ஆட்டக்காரர் முதுகுக்குப் பின்னால் இருக்கக்கூடாது. ராத்திரியில் ஜன்னல்கூட அதே வேலையைச் செய்யும், திரை போட வேண்டும். ‘சூதாடுகிற சபையில் கிருஷ்ணன் என்றைக்கு நேரில் இருந்தார்?’ என்று கேட்டுப் பார்த்தேன். அவளுக்குப் பாரதம் என்னைவிட நன்றாகத் தெரியும். ‘துரியோதனனும் சூதுக்கென்றே தனியா மண்டபம் கட்டித்தான் ஆரம்பிச்சான், அதைப் பாரதியாரே பாடியிருக்கார்’ என்றாள். படம் பூஜை அறைக்குப் போயிற்று.

அந்த இடத்தில் இப்போது நாய்கள் சீட்டாடுகிற படம், கண்ணாடி இல்லாமல், கேன்வாஸில். கூலிட்ஜ் என்கிற ஓவியர் வரைந்தது. மேஜைக்கு அடியில் ஒரு புல்டாக் காலால் பக்கத்து நாய்க்கு ஒரு ஆஸைத் தள்ளிவிடும். அமெரிக்காவில் இந்தப் படம் இல்லாத சீட்டு அறை அபூர்வம். 1903இலிருந்து இவற்றை வரையச் சொல்லி வாங்கிய பிரவுன் அண்டு பிகலோ கம்பெனி பக்கத்து செயின்ட் பால் நகரத்துக்காரர்கள்தான். ஆகவே இது உள்ளூர்க் கலைக்கு நான் தரும் ஆதரவு. சித்தி பார்த்தால் என்ன சொல்வாள் என்பதை யோசிக்காமல் இருக்கிறேன்.

நாற்காலி விஷயத்தில் வாஸ்துவுக்கே ஆதாரம் கிடைத்தது. பக்கத்து மாநிலமான தெற்கு டக்கோட்டாவில் டெட்வுட் என்று ஒரு ஊர். 1876 ஆகஸ்ட் 2ஆம் தேதி அங்கே ஒரு சாராயக்கடையில் வைல்டு பில் ஹிக்காக் என்கிற துப்பாக்கிச் சூரர் போக்கர் ஆடிக்கொண்டிருந்தார். எப்போதும் சுவரோரம் உட்கார்கிறவருக்கு அன்றைக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. பின்னாலிருந்து சுட்டுவிட்டார்கள். கையில் ஆஸும் எட்டும் ஜோடி ஜோடியாக இருந்ததாகச் சொல்வார்கள். இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து எங்கள் மேஜையில் படிக்கட்டுக்கு முதுகு காட்டுகிற நாற்காலியில் யாரும் உட்கார்வதில்லை. இத்தனைக்கும் அந்தப் படிக்கட்டு வழியாக வருவது பஜ்ஜித் தட்டு மட்டும்தான்.

பஜ்ஜிக்கும் சட்டம் உண்டு. ஓரத்தில் தனி மேஜை, கை துடைத்த பிறகே ஆட்டம். சீட்டு முழுப் பிளாஸ்டிக், பிரேசிலில் பிறந்த கோபாக். ஈரத்துணியால் துடைத்தால் சுத்தமாகிவிடும். சில்லுகள் 500, ஒவ்வொன்றும் பதினொன்றரை கிராம். பெட்டியைத் தூக்கினால் சில்லு மட்டுமே ஐந்தே முக்கால் கிலோ. வெள்ளை ஒன்று, சிவப்பு ஐந்து, பச்சை இருபத்தைந்து, கறுப்பு நூறு என்பது இங்கே ஊரறிந்த வழக்கம். புளியங்கொட்டையில் பாயிண்ட் எண்ணின பரம்பரை நாம். இதன் கனமும் கலகலப்பும் வேறு. நாலு சில்லைக் கையில் உருட்டினால் சம்பளம் கூடின மாதிரி ஒரு தெம்பு வருகிறது.

இவ்வளவும் செய்து, ஆடுகிறவர்கள் யார்? மதுரைக்காரர் ஒருவர். நல்ல சீட்டு வந்தால் இளையராஜா பாட்டை முனக ஆரம்பித்துவிடுவார். அதைக் கேட்டதும் மற்ற எல்லோரும் சீட்டைக் கவிழ்த்துவிடுவோம். ஆகையால் அவருக்கு நல்ல சீட்டில் பணம் வந்ததே கிடையாது. விழுப்புரத்துத் தம்பிக்குச் சீட்டு மோசமானால் கிரிக்கெட் பேச்சு வரும். நெல்லூர்க்காரர் ஒருவர் இரண்டு சீட்டையும் பார்த்தவுடன் மனைவிக்கு போன் செய்வார். எதற்கென்று இன்னும் பிடிபடவில்லை. சத்தம் மாடிக்குப் போகாமலிருக்கக் கூரைக் கட்டைகளுக்கு நடுவே ராக் வூல் பஞ்சு அடைத்திருக்கிறேன். அப்படியும் பையன் தூங்குவதில்லை.

இவர்களுக்கு நடுவில் பக்கத்து வீட்டுப் பெரியவர், பாட்டன் காலத்தில் நார்வேயிலிருந்து வந்த குடும்பம். உருளைக்கிழங்குத் துண்டுகளை மேலே அடுக்கி ஓவனில் வேகவைத்த ஹாட்டிஷ் பாத்திரத்தோடு வருவார். ராணி ஜோடி வந்தாலும், ஒன்றுமே வராவிட்டாலும், வீட்டுக் கூரையே இடிந்து விழுந்தாலும் முகம் ஒன்றுதான். ஜெயித்துச் சில்லை அள்ளும்போது ‘மோசமில்லை’ என்பார். அவருக்குச் சந்தோஷத்தின் உச்சி அது. நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவருக்கு மாதாமாதம் பென்ஷன் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

போலீஸ் வருமா என்று சித்தி கேட்டாளாம். வராது. நண்பர்கள் தங்களுக்குள் வைக்கிற தனிப் பந்தயத்தை மினசோட்டா சட்டம் பந்தயமாகவே எண்ணுவதில்லை. தொழிலாக நடத்தினால்தான் வம்பு. பெரிய பணம் ஆட வேண்டியவர்கள் ஷாகப்பியில் கேன்டர்பரி பார்க் குதிரைப் பந்தய மைதானத்துக்குப் போகலாம், 2000இலிருந்து அங்கே சீட்டு மன்றம் இருக்கிறது. ரம்மி திறமை ஆட்டம் என்று 1968இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை நீங்கள் பந்தியில் உட்கார்ந்தால்கூடச் சொல்வீர்கள். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆன்லைன் வழக்கில் ரம்மிக்குப் பக்கத்தில் போக்கரையும் உட்காரவைத்துவிட்டது. இனி அந்த வாதம் எனக்கும் சொந்தம்.

ஆளுக்கு இருபது டாலர்தான் எல்லை. உங்கள் மருமகள் நோட்டில் கணக்குப் போட்டிருக்கிறாள்: அறைக்குச் செலவான தொகையை இருபது இருபதாக ஜெயித்து மீட்க, நான் ஒரு தடவைகூடத் தோற்காமல் எண்பது வயது வரை ஆட வேண்டும். உங்கள் மன்றம் மேஜை வாடகை வாங்குகிறது. நான் கமிஷன் வைத்தால் அதுவே தொழிலாகிவிடும். இருபது டாலரை வசதியாகத் தோற்பதற்கு இவ்வளவு செலவு செய்தவன் இந்த மாவட்டத்தில் நான் மட்டும் இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரு உதவி வேண்டும். மன்றத்துச் சுவரில் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் விதிகள் எழுதியிருக்கும் அல்லவா, ‘கடன் கேட்காதீர்’ என்று தொடங்கி? அதைத் தெளிவாக ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். அதே மாதிரி ஒன்று எழுதிக் கீழே மாட்டப்போகிறேன். நெல்லூர்க்காரருக்காக, ஆட்டத்தின் நடுவே போன் பேசக்கூடாது என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்வேன். அதற்கு நல்ல தமிழில் வாசகம் ஒன்று நீங்களே எழுதித் தரவேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகன் முறை

பி.கு.: மேஜைத் துணியின் விலையைத் தனியாக எழுதி அனுப்புகிறேன். ரூபாயில் பெருக்க வேண்டாம்.