புலித்தோல் யார் காசு?

1915இல் லண்டன் நீதிமன்றம் ஒரு நாவலுக்கு வழங்கிய விமர்சனத்தை எந்தப் பத்திரிகைக்காரனும் மிஞ்ச முடியாது. இந்தக் கதை ஒழுக்கக்கேடானது, ஒழுக்கக்கேட்டுக்குக் காப்புரிமை கிடையாது, போய் வாருங்கள் அம்மா என்று நீதிபதி சொல்லிவிட்டார். வழக்குத் தொடுத்தவர் எலினார் க்ளின். நாவலின் பெயர் ‘த்ரீ வீக்ஸ்’. பிம்பிள் என்ற கோமாளியை வைத்து ஒரு சினிமா கம்பெனி அதைக் கேலிப் படமாக எடுத்துக் காசு பார்த்துவிட்டது. பொருள் களவு போயிற்று என்று புகார் கொடுக்கப் போனவருக்கு, அது களவு போக வேண்டிய பொருள்தான் என்று முத்திரை குத்தி அனுப்பினார்கள்.

காதலை எழுதிச் சம்பாதித்த அம்மணியின் வாழ்க்கையில் இது புதிதல்ல. இன்பம் யாருக்கு வேண்டுமானாலும் போகும். பில் மட்டும் இவர் பேருக்கு வரும்.

1864இல் ஜெர்சித் தீவில் பிறந்தார். தகப்பனார் என்ஜினீயர், குழந்தை முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்குள் காலமாகிவிட்டார். கனடாவில் பாட்டி வீட்டில் கொஞ்ச காலம், பிறகு அம்மாவின் மறுமணம், திரும்பவும் ஜெர்சி. பச்சைக் கண், சிவப்பு முடி. விக்டோரியா ராணி காலத்துக் கல்யாணச் சந்தையில் சிவப்பு முடி என்பது நம்மூர் செவ்வாய் தோஷம் மாதிரி: பெண்ணைப் பார்த்தவர்கள் பெருமூச்சு விட்டார்களே தவிர, தாம்பூலம் மாற்ற யாரும் வரவில்லை. பெருமூச்சு விட்டவர்களில் நால்வர், டெவன்ஷயரில் ஒரு விருந்து முடிந்த இரவில், இவரை முன்னிட்டுச் சண்டை போட்டு, விருந்து உடுப்போடு ஏரியில் குதித்தார்களாம். பேரன் எழுதிய வாழ்க்கை வரலாறு அப்படித்தான் சொல்கிறது. பாட்டியைப் பற்றி ஒரு பேரனால் இவ்வளவு சந்தோஷமாக எழுத முடியும் என்பதே ஆச்சரியம்.

நாலு பேரை நனைத்த பெண் யார் என்று பார்க்க வந்தவர்தான் க்ளேட்டன் க்ளின். எஸ்ஸெக்ஸில் நிலபுலன், நல்ல சாப்பாடு, நல்ல சுருட்டு, வேலை என்று எதுவும் கிடையாது. 1892இல் கல்யாணம். தேனிலவுக்குப் பிரைட்டன் போனார்கள். அங்கே க்ளேட்டன் செய்த காரியத்தைக் கேளுங்கள்: ஊரின் பொது நீச்சல் குளத்தை இரண்டு நாளைக்கு மொத்தமாக வாடகைக்குப் பிடித்தார். மனைவி ஆடையின்றி, இடுப்புக்குக் கீழே இறங்கும் அந்தச் சிவப்புக் கூந்தல் தண்ணீரில் மிதக்க, நீந்த வேண்டும். தான் மட்டும் பார்க்க வேண்டும். எலினார் சொக்கிப் போனார். அதற்கப்புறம் அந்த மனிதர் காதல் இலாகாவுக்கு நிரந்தர விடுப்புப் போட்டுவிட்டுத் துப்பாக்கியோடும் சீட்டுக்கட்டோடும் குடித்தனம் நடத்தினார். இரண்டு குழந்தை பிறந்தது, இரண்டும் பெண். வாரிசு கேட்டவருக்கு முகம் தொங்கிப்போயிற்று.

சொத்து தண்ணீராய்ப் போனது. எலினாரைத் தவிர யாருக்கும் அந்த வீட்டில் வருமானம் இல்லை. 1900இல் ‘த விசிட்ஸ் ஆஃப் எலிசபெத்’ வெளிவந்து நன்றாக விற்றது. அடுத்து சுவிட்சர்லாந்தின் லூஸெர்ன். அங்கே ஒரு கடையில் புலித்தோல் தொங்கியது. அம்மணிக்கு ஆசை. க்ளேட்டனைக் கேட்டார். குளத்தையே வாடகைக்குப் பிடித்த மனிதர், தோலுக்குக் கையை விரித்தார். இவரோ ராயல்டி பணத்தில் தாமே வாங்கிக்கொண்டு வந்து ஓட்டல் அறையில் விரித்து, அதன்மேல் சாய்ந்தார்.

1907இல் வந்த ‘த்ரீ வீக்ஸ்’ நாவலில் அதே லூஸெர்ன், அதே புலித்தோல். பால்கன் பக்கத்து ராணி ஒருத்தி, வயதில் சின்ன ஆங்கிலேயப் பையன் பால், மூன்று வார உறவு, பிறகு ஒரு பிள்ளை, ஒரு கொலை. ஒரே ஒரு திருத்தம். நாவலில் தோலை வாங்கித் தருகிறவன் கதாநாயகன். நாவலாசிரியர்கள் பொய் சொல்வது இப்படிப்பட்ட இடத்தில்தான். மற்ற இடமெல்லாம் வெறும் கற்பனை.

பாஸ்டனில் புத்தகத்துக்குத் தடை விழுந்தது. ஈட்டன் பள்ளித் தலைமையாசிரியரும் தடுத்தார். படித்துப் பார்த்தீர்களா என்று எலினார் விசாரித்தால், இல்லை. ஒரு பிரதி அனுப்பிவைத்தார். தலைமையாசிரியர் படித்தார், ரசித்தார், பாராட்டி எழுதினார், தடையை மட்டும் எடுக்கவில்லை. நமக்கும் இப்படி வாத்தியார்கள் இருந்தார்கள். பெஞ்சுக்கடியில் பிடுங்கிய புத்தகம் ஸ்டாஃப் ரூமுக்குப் போய்ப் பக்கம் பக்கமாகத் தேய்ந்து திரும்பும். புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. எலினார் க்ளினோடு புலித்தோல்மேல் பாவம் செய்ய விருப்பமா, இல்லை வேறு ரோமத்தின்மேல் வசதிப்படுமா என்று விசாரிக்கும் ஒரு குறும்புப் பாட்டை எவனோ கட்டிவிட்டான். நாவல் மறந்துபோயிற்று, அந்தப் பாட்டு இன்றும் நிற்கிறது.

1908இல் அதை மேடையேற்றினார். ராணி வேஷம் தாமே கட்டினார். பார்க்க வந்த கூட்டத்தில் லார்டு கர்சன் இருந்தார். ஆமாம், நம்முடைய கர்சன்தான். 1905இல் வங்காளத்தைக் கூறுபோட்டு, சென்னையில் உட்கார்ந்திருந்த பாரதியார்வரை எல்லோரையும் பேனா எடுக்கவைத்த மகானுபாவர். வைஸ்ராய் வேலையை விட்டு ஊர் திரும்பி, மனைவியையும் பறிகொடுத்து, முதுகுக்கு இரும்புக் கச்சை கட்டிக்கொண்டு விறைப்பாக நடமாடிக்கொண்டிருந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தபோதே இவருடைய மேட்டிமையைக் கிண்டல் செய்து மாணவர்கள் பாட்டுக் கட்டியிருந்தார்கள். ஆக, ஊர் சிரித்த பாட்டு ஆளுக்கொன்று. ஜாதகப் பொருத்தம் பார்க்கத் தேவையில்லை. நாடகம் பார்த்த கையோடு துரை ஒரு புலித்தோலை அனுப்பிவைத்தார். இந்தியாவில் அவரே சுட்டது. முதல் தோலை அம்மணி சொந்தக் காசில் வாங்கினார். இரண்டாவது கர்சன் தந்தது என்று பேரே தவிர, அந்த வேட்டைக்குச் செலவு செய்தது யார் என்று நாம் யோசிக்காமல் இருப்பது நல்லது.

எட்டு வருஷம் நடந்த உறவு இது. துரை பெண்களுக்கு ஓட்டுரிமை கூடாது என்று போராடிய சங்கத்துக்குத் தலைவர். அதே சமயம் ஒரு பெண் எழுதிச் சம்பாதித்துக் குடும்பத்தைக் காப்பதை அருகிலிருந்து பார்த்துக்கொண்டும் இருந்தார். க்ளேட்டன் என்ன செய்தார்? மனைவிக்குத் தெரியாமல் அதே கர்சனிடம் போய் ஆயிரம் பவுண்டு கடன் வாங்கினார்! இந்தத் தைரியம் எந்த நாவலிலும் எந்தக் கணவனுக்கும் வாய்க்கவில்லை. விஷயம் தெரிந்ததும் எலினார் அவசர அவசரமாக ஒரு நாவல் எழுதி அடைத்தார். காதலனிடம் கணவன் பட்ட கடனுக்கு மனைவி எழுதிய காதல் கதை. அதை அவ்வளவு அவசரமாக முடிக்க வேண்டுமென்றால் கதாநாயகன் எவ்வளவு உத்தமனாக இருந்திருப்பான் என்று யோசித்துப் பாருங்கள்.

1915இல் க்ளேட்டன் போய்ச் சேர்ந்தார். இனி என்ன, துரை வாய் திறப்பார் என்று ஊர் காத்திருந்தது. துரை திறந்தார்: சோமர்செட்டில் மான்டக்யூட் என்ற பழைய மாளிகையைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன், அலங்காரம் பண்ணித் தர முடியுமா? எலினார் போனார். கல்லால் கட்டிய எலிசபெத் காலத்து வீடு. குளிர் எலும்பைத் தொடும். ஏணிமேல் ஏறி நின்று, திரைச்சீலைக்கும் சுவருக்கும் நிறம் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். 1916 டிசம்பரில் ஒரு நாள் ‘டைம்ஸ்’ வந்தது. அதில் லார்டு கர்சனுக்கும் திருமதி கிரேஸ் டக்கனுக்கும் நிச்சயமான செய்தி. டக்கன் பணக்கார விதவை, அமெரிக்காவில் பிறந்தவர். கர்சன் கையால் எலினாருக்கு ஒரு வரி எழுதவில்லை. இத்தனைக்கும் அதற்கு முன் எழுதிய கடிதங்கள் சுமார் ஐந்நூறு. எலினார் அத்தனையையும் எரித்தார். அப்புறம் அந்த மனிதரோடு பேசவே இல்லை. நெருப்பில் போனது ஒரு வைஸ்ராயின் காதல் கடிதங்கள். ஆவணக் காப்பகத்துக்காரர்கள் இன்றும் வயிற்றிலடித்துக்கொள்ளலாம். எனக்கென்னவோ அம்மணி செய்தது சரிதான் என்று தோன்றுகிறது. பதிப்பித்திருந்தால் பணம் வந்திருக்கும், அதையும் வாங்கிக்கொள்ள யாராவது வந்திருப்பார்கள்.

1919இல் வெர்சாய் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானபோது பத்திரிகை நிருபராக அங்கே ஒரு பெஞ்சுமேல் ஏறி நின்று வேடிக்கை பார்த்தார். மறு வருஷம் ஹாலிவுட் கூப்பிட்டது, சம்பளம் பத்தாயிரம் டாலர். ஐம்பத்தாறு வயதில் ஒரு ஆங்கில மாது கலிஃபோர்னியாவில் இறங்கி, இங்கே யாருக்குமே காதலிக்கத் தெரியவில்லை என்று அறிவித்தார். ருடால்ஃப் வேலன்டினோவுக்கே பாடம் நடந்தது: பெண்ணின் புறங்கையை எல்லோரும் முத்தமிடுவார்கள், நீ உள்ளங்கையைத் திருப்பி முத்தமிடு. பையன் செய்தான், அரங்கம் மூச்சடைத்தது.

1927இல் ‘இட்’ படம். ஒருவரைப் பார்த்ததும் இழுக்கும் இனம்புரியாத கவர்ச்சிக்கு எலினார் வைத்த பெயர் அது. அந்த ஒரு சொல்லுக்கு ஸ்டூடியோ ஐம்பதாயிரம் டாலர் தந்தது. படத்தில் இவரே வந்து விளக்கம் வேறு கொடுத்தார். சரி, ஹாலிவுட்டில் யாருக்கெல்லாம் அது இருக்கிறது என்று கேட்டார்கள். கிளாரா போ என்றார், அன்டோனியோ மொரேனோ என்றார், ரெக்ஸ் என்றார், அம்பாசடர் ஓட்டல் வாசல்காரர் என்றார். ரெக்ஸ் ஒரு குதிரை. மாளிகை அலங்காரம் பண்ணச் சொன்ன ஆசாமிகள் யாரும் பட்டியலில் இல்லை.

பிறகு இங்கிலாந்து திரும்பினார். ஊரான் படத்துக்கு எத்தனை நாள் எழுதுவது என்று, சேர்த்துவைத்திருந்த பணத்தைப் போட்டுத் தாமே தயாரித்து, தாமே இயக்கிப் படம் எடுத்தார். இரண்டு படம், இரண்டும் சுருண்டன. காலமெல்லாம் க்ளேட்டன் கஷ்டப்பட்டுக் கற்ற கலையை இவர் ஒரே வருஷத்தில் தேர்ந்துவிட்டார். வித்தியாசம் என்னவென்றால், க்ளேட்டன் செலவழித்தால் அடைக்க எலினார் இருந்தார். எலினார் செலவழித்ததையும் எலினார்தான் அடைக்க வேண்டியிருந்தது. அறுபத்தைந்து தாண்டிய அம்மணி காகிதத்தை எடுத்துக்கொண்டு அடுத்த நாவலுக்கு உட்கார்ந்தார்.