குழித்தறியில் மிசோ சூப்

எங்கள் ஊரில் ‘அசல்’ என்கிற சொல் ரொம்ப அடிபட்டுப்போன சொல். வரதராஜப் பெருமாள் கோயில் வாசலில் வெளியூர்க்காரர் ஒருவர் காரிலிருந்து ஒரு காலைத்தான் கீழே வைத்திருப்பார். மறுகால் வருவதற்குள் “அசல் பட்டு சார், நேரா தறியிலேர்ந்து” என்று மூன்று பேர் சூழ்ந்துவிடுவார்கள். சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்து, பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தோரு வருஷம் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன் நான். அந்தச் சொல் காதில் விழுந்தாலே என் கை தானாகச் சட்டைப்பையைப் பொத்திக்கொள்ளும்.

அம்மாவுக்கு அந்தப் பயம் கிடையாது. எழுபத்தெட்டு வயதில் ஐம்பது வருஷம் தார் சுற்றியவள். யார் சேலையைக் காட்டினாலும் விலை கேட்கமாட்டாள். ஜரிகையை நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டுவாள். உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிந்தால் பேச்சு தொடரும். தெரியாவிட்டால், அது கல்யாண வீடாகவே இருந்தாலும், பெண்ணின் அத்தை காதுபட “டூப்ளிகேட்” என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவாள். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, இனிமேல் சுரண்ட வேண்டாம், அரசாங்கமே முத்திரை தருகிறது என்று ஆசையாகச் சொன்னேன். “அரசாங்கத்துக்கு நகம் இருக்கா?” என்றாள்.

இப்படிப்பட்டவளை என் மகன் ‘அசல் ஜப்பான் ஹோட்டல்’ ஒன்றுக்கு அழைத்துப்போக முடிவுசெய்தான்.

2010இல் ஒரகடத்தில் நிஸ்ஸான், ரெனோ கார்த் தொழிற்சாலை திறந்ததிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் சாலையில் ஜப்பானிய எழுத்துப் பலகைகள் முளைக்க ஆரம்பித்தன. முதலில் தங்கும் விடுதி, அப்புறம் சாப்பாட்டுக்கடை. மகன் வேலை செய்வது கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு ஜப்பான் கம்பெனியில். முதல் சம்பள உயர்வு வந்ததும், “ஆயா, நீ இட்லியைத் தவிர வேற ஒண்ணைச் சாப்பிட்டே ஆகணும்” என்று சபதம் போட்டுவிட்டான். மனைவி புதுச் சேலை கட்டினாள். அம்மா ஒரு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டாள். அந்தப் பையை அப்போதே சோதனை போட்டிருக்க வேண்டும்.

உள்ளே ஒரு மரத்தடுப்பு அறை. செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். அம்மா முகத்தில் முதல் திருப்தி. தரையோடு தரையாக ஒரு குட்டை மேசை, சுற்றிலும் மெத்தை. மூட்டுவலிக்காரனான எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கிட்டே போய்ப் பார்த்தால், மேசைக்கு அடியில் குழி வெட்டியிருக்கிறார்கள். தரையில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் தொங்கப்போட்டுக்கொள்ளலாம். ஹோரிகோதாட்சு என்று பெயராம். குளிர்காலத்தில் அந்தக் குழிக்குள் கரி நெருப்பு போடுவது ஜப்பானின் பழைய வழக்கம் என்று மகன் விளக்கினான்.

அம்மா எந்த விளக்கத்துக்கும் காத்திருக்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகி, ஒரு கையை விளிம்பில் ஊன்றி, சர்ரென்று இறங்கி உட்கார்ந்துவிட்டாள். அது எங்கள் வீட்டுக் குழித்தறியில் அப்பா இறங்கி உட்காரும் அதே தோரணை. உட்கார்ந்தவள் குழிக்குள் காலால் எதையோ துழாவினாள். அறை முழுக்கக் கேட்கும்படி, “மிதிபலகை எங்கடா?” என்றாள்.

பக்கத்து மேசையில் இருந்த மூன்று ஜப்பானியர்கள் என்னவென்று தெரியாமலே தலைகுனிந்து வணங்கினார்கள்.

மிசோ சூப்பைக் கொண்டுவந்தவன் மிசோரம் பையன். இதை நான் அங்கேயே நகைச்சுவையாகச் சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை; நீங்களும் சிரிக்க வேண்டியதில்லை. பையன் நல்ல தமிழ் பேசினான். அம்மா சைவம். அப்பா போன பிறகு கவுச்சி தொடுவதில்லை. சூப்பில் மீன் இருக்கிறதா என்று மகன் கேட்டதற்கு, “மீன் இல்ல ஆன்ட்டி, மீன் தண்ணி மட்டும்தான்” என்றான். இவ்வளவு நேர்மையான பதிலை நான் எங்கள் சங்கத்தில் முப்பத்தோரு வருஷத்தில் கேட்டதில்லை.

அந்த மீன் தண்ணியின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சூரை மீனை அவித்து, புகை போட்டு, மாதக்கணக்கில் காயவைத்து, விறகுக்கட்டையாக இறுகிய பிறகு இழைப்புளியில் சீவுவதுபோலச் சீவி, கடற்பாசியோடு வெந்நீரில் போட்டுச் சாறெடுப்பார்கள். இலங்கைத் தமிழர்கள் சம்பலில் இடித்துப் போடும் மாசிக் கருவாடும் அதே சூரைதான். 1908இல் கிகுனாயே இக்கேதா என்கிற டோக்கியோ பேராசிரியர் இந்தச் சாற்றில் புளிப்பு, இனிப்பு, உப்பு, கசப்பு எதிலும் சேராத ஒரு ருசி இருக்கிறதே என்று யோசித்து, கடற்பாசியைக் காய்ச்சிக் காய்ச்சி அதைப் பிரித்தெடுத்தார். அதற்கு உமாமி என்று பெயர் வைத்தார். அடுத்த வருஷமே அது அஜினோமோட்டோ என்று விற்பனைக்கு வந்தது. இன்று எங்கள் தெருமுனை ஃபாஸ்ட்ஃபுட் கடைக்காரர் கரண்டியால் அள்ளிப் போடுகிறாரே, அதேதான். ஆக, அசல் ஜப்பான் ருசியை அம்மா தவிர எங்கள் தெருவில் எல்லோரும் ஏற்கெனவே நூடுல்ஸில் தின்று முடித்துவிட்டோம்.

“ஜென் சாமியாருங்க சாப்பாடு ஒண்ணு இருக்கு ஆயா. ஷோஜின் ரியோரின்னு பேரு. மீன் கிடையாது, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது” என்று மகன் சமாதானம் சொன்னான்.

“நம்ம கோயில் மடப்பள்ளி மாதிரி. அதைக் கொண்டாரச் சொல்லு.”

“அது இங்க இல்ல. கியோத்தோல, கோயிலுங்கள்ல கிடைக்கும்.”

“அப்ப இது அசல் இல்ல” என்று அம்மா தீர்ப்பு எழுதிவிட்டாள்.

அதன் பிறகு வந்தவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். வெள்ளரிக்காயைச் சோற்றில் வைத்து, சோற்றைக் கரும்பாசித் தாளில் சுருட்டி, மோதிரம் மோதிரமாக நறுக்கியிருந்தார்கள். உப்புப் போட்டு அவித்த பச்சை சோயா வந்தது. மொச்சை என்று நினைத்து அம்மா ஒரு கிண்ணம் காலி செய்தாள். பஜ்ஜி வந்தது. அதைப் பஜ்ஜி என்று சொல்லக்கூடாது, தெம்புரா என்று மகன் கண்டித்தான். போர்ச்சுகீசியர்கள் 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானுக்குக் கற்றுக்கொடுத்த பொரியல் அது. அசல் ஜப்பானில் போர்ச்சுகல் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. மிளகாயும் அவர்கள் கப்பலில்தான் நம் ஊருக்கு வந்தது, கேட்டால் நமக்குத்தான் வம்பு.

தட்டின் ஓரத்தில் பச்சையாகக் கோலிக்குண்டு அளவு வசாபி. அதைச் சட்னி என்று அள்ளி வாயில் போட்டு அழுத ஆட்களைப் பற்றி ஆயிரம் கதை கேட்டிருக்கிறோம். எனவே மகன், மனைவி, நான் மூவரும் ஒரே குரலில் “தொடாதே” என்றோம். அம்மா எங்களைப் பார்த்துக்கொண்டே ஒரு விரல்நுனி எடுத்தாள். நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள். மூக்கு ஒருதரம் துடித்தது. அந்த முகத்தை எனக்குத் தெரியும்; ஜரிகை சுரண்டும்போது வரும் முகம்.

“கடுகு” என்றாள்.

“இல்ல ஆயா, இது வசாபி. ஜப்பான்ல ஓடைத் தண்ணியில வளர்ற செடி.”

“கடுகுடா. சாயம் போட்டிருக்கான்.”

மகன் கைபேசியை எடுத்தான். தேடத் தேட அவன் முகம் சுருங்கியது. நிஜ வசாபி விலை அதிகம். துருவிய சில நிமிஷத்திலேயே காரம் போய்விடும். அதனால் உலகம் முழுக்க, ஜப்பானிலேயும்கூட, பெரும்பாலும் தட்டுக்கு வருவது குதிரைமுள்ளங்கியும் கடுகும் அரைத்துப் பச்சைச் சாயம் சேர்த்த விழுது. நிஜ வசாபியும் கடுகுக் குடும்பம்தான் என்பது அவனுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல். அம்மா அதற்குள் மஞ்சள் பையைத் திறந்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாயை மேசையின் நடுவில் வைத்துவிட்டாள். மனைவி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். மிசோரம் பையன் மட்டும் பதறவில்லை. உள்ளே போய், இலை வடிவத்தில் ஒரு குட்டிப் பீங்கான் தட்டு எடுத்துவந்து, ஊறுகாய்க்கு என்று பாட்டில் பக்கத்தில் வைத்தான்.

இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மகன் இதை ஆபீஸில் சொல்லி, அவனுடைய ஜப்பான் மேலதிகாரி விழுந்து விழுந்து சிரித்து, “உங்கள் ஊருக்கு வருகிறேன், அசல் இந்தியச் சாப்பாடு வாங்கிக்கொடுங்கள்” என்று கேட்டுவிட்டார்.

ஒரு சனிக்கிழமை வந்தார். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த மனிதர். கோயிலில் கருவறைப் பக்கம் வேற்று மதத்தாருக்கு அனுமதி இல்லை என்பதால் நூற்றுக்கால் மண்டபத்தையும் கல் சங்கிலியையும் காட்டினோம். சங்கிலியைப் பத்து நிமிஷம் பார்த்தார். பிறகு போதிதர்மர் வீடு எங்கே என்று கேட்டார். அவர்கள் ஊரில் அவர் தாருமா. கை கால் இல்லாத சிவப்புப் பொம்மையாகக் கடைதோறும் உட்கார்ந்திருப்பார். சீனத்துப் பழங்குறிப்புகள் அவரைத் தென்னிந்திய அரசன் ஒருவனின் மூன்றாவது மகன் என்கின்றன. அந்த ஊர் காஞ்சிதான் என்பது பிற்பாடு சேர்ந்த நம்பிக்கை. 2011இல் ‘ஏழாம் அறிவு’ படம் வரும்வரை எங்கள் தெருவில் அவரை யாருக்கும் தெரியாது. “அந்தப் பக்கம்” என்று பொதுவாகக் கையைக் காட்டினேன். அங்கே ஒரு மருந்துக்கடை இருந்தது. மரியாதையாகப் படம் எடுத்துக்கொண்டார்.

மத்தியானம் வீட்டில் சாம்பார், ரசம், வாழைக்காய் வறுவல், பாயசம். எல்லாவற்றையும் சாப்பிட்டார். கை கழுவிய பிறகு, மகனிடம் தணிந்த குரலில் ஏதோ கேட்டார். மகன் என்னைப் பார்த்தான். “நான் எங்கேன்னு கேக்கறார்.”

“அவர் இங்கதானே இருக்கார்?”

“அந்த நான் இல்லப்பா. ரொட்டி.”

ஜப்பானில் இந்தியச் சாப்பாடு என்றால் தட்டைவிட்டு அரை முழம் வெளியே தொங்கும் நான் ரொட்டியும் கிண்ணத்தில் கறியும்தான். அங்கே இந்திய உணவகங்களில் ஏராளமானவற்றை நடத்துவது நேபாளிகள். 1915இல் பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பி ஜப்பானுக்கு ஓடிய ராஷ் பிஹாரி போஸ், டோக்கியோ ஷின்ஜுகுவில் நகமுராயா என்கிற ரொட்டிக்கடையில் ஒளிந்திருந்து, அந்த வீட்டுப் பெண்ணையே கட்டிக்கொண்டார். அந்தக் கடையில் 1927இல் ‘இந்தியக் கறி’ பரிமாற ஆரம்பித்தார்கள். அவர் போட்டது சோறும் கோழிக்கறியும். நடுவில் எப்போதோ நான் வந்து சோற்றைத் தள்ளிவிட்டது. ‘கறி’ என்கிற சொல் மட்டும் நம்முடையது. அது போர்ச்சுகீசியர், வெள்ளைக்காரர் வாயெல்லாம் சுற்றி, ஜப்பானில் ‘கரே’ என்று போய் நிற்கிறது.

விருந்தாளி கேட்டுவிட்டார். சாயங்காலம் எல்லோரும் நெடுஞ்சாலையில் ஒரு வடநாட்டு உணவகத்துக்குப் போனோம். பெயர்ப்பலகையிலேயே ‘இந்தியன்’ என்று இருந்தது. நம் ஊரில் மெனு கார்டுகளில் ‘இந்தியன்’ என்றால் பனீர் என்று பொருள்; நாம் சாப்பிடுவது ‘சவுத் இந்தியன்’, அது கடைசிப் பக்கத்தில் இருக்கும். நான் வந்தது. அவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, மகனிடம் வருத்தமாகச் சொன்னார்: சின்னதாக இருக்கிறதே, இது அசல்தானா?

சமையற்காரரைக் கூப்பிட்டோம். அவரும் நேபாளிதான். ஜப்பானில் எவ்வளவு சம்பளம் தருவார்கள் என்று அவர் விருந்தாளியிடம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் காலை ஊருக்குக் கிளம்புமுன் விருந்தாளி வீட்டுக்கு வந்தார். நான் பிரசாத ஸ்டாலிலிருந்து கோயில் இட்லி வாங்கி வைத்திருந்தேன். 2019இல் அத்தி வரதர் குளத்திலிருந்து எழுந்து 48 நாள் காட்சி தந்தாரே, அப்போது ஊருக்குள் வந்த ஜனங்களை நம்பித் தெருவுக்குத் தெரு டம்ளரில் ஊற்றி அவித்த மாவை ‘அசல் காஞ்சிபுரம் இட்லி’ என்று விற்றார்கள். கேரட் துருவல், முந்திரி எல்லாம் போட்டு. பெருமாளுக்குப் படைப்பது வேறு. பச்சரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம் தட்டிப்போட்டு, மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலை பரப்பி, அதில் மாவை ஊற்றி மணிக்கணக்கில் ஆவியில் வைப்பார்கள். வெளியே எடுத்தால் முழங்கை நீளத்துக்கு ஒரே இட்லி. துண்டு போட்டுத் தருவார்கள். பஞ்சுபோல இருக்காது; பல்லுக்கு வேலை வைக்கும். உண்மையைச் சொன்னால், எங்கள் வீட்டில் இளசுகள் யாரும் அதை விரும்பிச் சாப்பிடுவதில்லை.

அவர் துண்டை மூக்கருகே கொண்டுபோய் ரொம்ப நேரம் மோந்தார். ஓரத்தில் ஒட்டியிருந்த இலைத் துணுக்கை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அவர்கள் ஊரிலும் ஓக் மர இலையில் அரிசி மாவுப் பலகாரம் சுற்றுவார்களாம். ஒரு வாய் கடித்தார், மென்றார், இன்னொரு வாய். அப்புறம் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, குற்றவாளியைப்போலச் சட்டைப்பைக்குள் கைவிட்டு, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் பாக்கெட் எடுத்தார். சோயா சாஸ்.

எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. பெருமாள் பிரசாதம். அந்தச் சன்னதியில் பிரபந்தத்தை யார் சேவிப்பது என்று வடகலையும் தென்கலையும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கோர்ட்டில் வழக்காடிக்கொண்டிருக்கிற ஊர் இது. சோயா சாஸ் விஷயம் வெளியே தெரிந்தால் இரண்டு பேரும் முதல்முறையாக ஒன்று சேர்ந்து என்மேல் கேஸ் போடுவார்கள்.

அம்மா அவர் கையிலிருந்த பாக்கெட்டை நிதானமாக வாங்கினாள். ஒரு சொட்டுப் புறங்கையில் விட்டு நக்கினாள். உள்ளே போய், அந்த எலுமிச்சை ஊறுகாய்ப் பாட்டிலையும் ஒரு குட்டித் தட்டையும் எடுத்துவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, மகன் பக்கம் திரும்பினாள்.

“பரவால்ல, நல்லா ஊறியிருக்கு. இதுலயும் கடுகு கலந்திருக்கானான்னு மட்டும் கேட்டுச் சொல்லு.”

மகன் அதை மொழிபெயர்க்கவில்லை.