பேஸ்ட் போதும் என்பார்கள்

கார் ஹெட்லைட் மஞ்சள் பூத்து மங்கிவிட்டதா? வைத்தியர் தேடி அலைய வேண்டாம். அடுக்ககத்தில் குடியிருப்பவர் என்றால், வண்டி முன்னால் இடுப்பில் கை வைத்து இரண்டு நிமிஷம் நில்லுங்கள். வைத்தியர் தானே வருவார். எனக்கு மேல்வீட்டு மாமா வந்தார். "இதுக்குப் போய் ஏம்ப்பா செலவு? பல்லு தேய்க்கிற பேஸ்ட்டைப் போட்டு நாலு தேய் தேய். கண்ணாடி பளிச்சுனு ஆயிடும்."

முதலில், அது கண்ணாடியே இல்லை. அம்பாசடர், பத்மினியின் உருண்டை விளக்குகளில் இருந்ததுதான் கண்ணாடி. எத்தனை வருஷம் வெயிலில் கிடந்தாலும் நிறம் மாறாது. ஒரு சரளைக்கல் தெறித்தால் கதை முடிந்தது. இப்போதைய கார்களில் இருப்பது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். கல்லைத் தாங்கும், வெயிலைத் தாங்காது. அதனால் தொழிற்சாலையிலேயே மேலே ஒரு மெல்லிய பூச்சு கொடுத்து அனுப்புகிறார்கள். புற ஊதாக் கதிர் முதலில் அந்தப் பூச்சைத் தின்னும், பிறகு பிளாஸ்டிக்கில் கை வைக்கும். என் கார் பதினோரு வருஷமாக மேற்குப் பார்த்து நிற்கிறது. இடது விளக்குக்குத் தூண் நிழல் உண்டு, வலதுக்கு இல்லை. இடது மோர் நிறம். வலது நல்லெண்ணெய் நிறம்.

பேஸ்ட்டைப் போட்டுப் பார்க்காமல் நீங்கள் இதற்கு மேல் படிக்கப் போவதில்லை. போய்ப் போட்டுவிட்டு வாருங்கள். பளபளக்கிறது அல்லவா? பேஸ்ட்டில் உள்ள நுண்ணிய தூள் மேல்தோலைக் கொஞ்சம் சுரண்டியிருக்கிறது, அவ்வளவுதான். சில வாரத்தில் பழைய குருடி கதவைத் திறடி. தேங்காய் எண்ணெய் தடவினாலும் மின்னும், முதல் மழை வரை. கொசு கடிக்காமலிருக்க உடம்பில் பூசும் சில மருந்துகளில் டீட் என்ற ரசாயனம் உண்டு. அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே இளக்கி வழவழப்பாக்கிக் காட்டும். ஒருநாள் கூத்துக்கு மீசையைச் சிரைத்த கதை.

மங்கலாக இருந்தால் எதிரே வருகிறவனுக்காவது கண் கூசாதே என்று சும்மா விடவும் முடியாது. அந்த ஒளி ரோட்டில் விழாமல் சிதறி, அவன் கண்ணில்தான் போய் விழுகிறது.

ஆக, ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பலி கொடுக்க வேண்டியதுதான். ஹார்டுவேர் கடையில் வாட்டர் பேப்பர் கேளுங்கள்: 800, 1500, 2000, 3000. எண் ஏற ஏறத் தாள் நைஸ். கூடவே மாஸ்கிங் டேப், பாலிஷிங் காம்பவுண்டு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் ஒரு டப்பா. டேப்பை விளக்கைச் சுற்றி பெயின்ட் மேல் இரண்டு வரிசை ஒட்டுங்கள். நான் சிக்கனம் பார்த்து ஒரு வரிசை ஒட்டினேன். பானெட் ஓரத்தில் அதன் அடையாளம் இருக்கிறது.

800-ஐத் தண்ணீரில் நனைத்துக் குறுக்காக மட்டும் தேயுங்கள். மஞ்சள் தண்ணீர் வழியும். அது செத்த பூச்சு. வழிவது வெள்ளையாகும்போது நிமிர்ந்து பார்த்தால் நெஞ்சு அடைக்கும்: விளக்கு முழுக்கக் குளியலறை ஜன்னல் மாதிரி வெளுத்திருக்கும். சரியாக இந்த நேரத்தில் வீட்டுக்காரம்மா காபியோடு வருவார். "என்னங்க, இருந்ததையும் கெடுத்துட்டீங்களா?" பதில் சொல்லாதீர்கள். நிறுத்தவும் நிறுத்தாதீர்கள், பாதிப் பேர் கைவிடுவது இங்கேதான். அடுத்த தாளை மேலும் கீழுமாக ஓட்டுங்கள். முந்தைய குறுக்குக் கோடுகள் எல்லாம் மறைந்தால்தான் அதற்கடுத்த தாளைத் தொடலாம். 3000 முடியும்போது பால் பனிமூட்டமாகும். பிறகு பழைய வேட்டித் துணியில் காம்பவுண்டு. தேய்க்கத் தேய்க்க, உள்ளே பல்பு இருப்பது பல வருஷத்துக்குப் பிறகு தெரிந்தது. நான் கும்பிட்டேவிட்டேன்.

கிளியர் கோட்டை மறக்க வேண்டாம். பழைய கவசத்தை நீங்களே சுரண்டி எறிந்துவிட்டீர்கள். அம்மணமாக விட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சள். உள்பக்கம் நீர் கோத்திருந்தால் மேலே எவ்வளவு தேய்த்தும் பயனில்லை, அது சீல் விட்ட கேஸ்.

மூன்றரை மணி நேரத்தில் ஒரு விளக்கு முடிந்தது. தோள்பட்டை இறங்கிவிட்டது. மாமா கீழே வந்தார், குனிந்து பார்த்தார். "நான் சொன்னேன்ல? பேஸ்ட்டுதானே?" வாயைத் திறக்கத் தெம்பில்லாமல் தலையை ஆட்டித் தொலைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் இரண்டாவது மாடிக்காரர், கையில் புது பேஸ்ட் ட்யூபோடு தன் கார் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.