ஆண்டுவிழாவின் பொருட்சமநிலை: வேதிப் பொறியாளர் சங்கங்களின் கொண்டாட்ட முறை குறித்த ஓர் ஆய்வு

வேதிப் பொறியாளர்கள் எதைக் கண்டாலும் அதைச் சுற்றி ஒரு கோடு கிழித்து, கோட்டுக்குள் எது நுழைகிறது, எது வெளியேறுகிறது, எது உள்ளேயே தங்குகிறது என்று கணக்குப் போடும் இயல்பினர். இக்கணக்குக்குப் பொருட்சமநிலை என்று பெயர். உள்ளே சென்றது வெளியே வர வேண்டும், வராதது உள்ளே தேங்கியிருக்க வேண்டும், இரண்டும் இல்லையெனில் குழாயில் எங்கோ ஓட்டை இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். உர ஆலைக்கும் சர்க்கரை ஆலைக்கும் சாயப்பட்டறைக் கழிவுநீருக்கும் இக்கணக்கைச் சலிக்காமல் போடுகிற இவ்வறிஞர் பெருமக்கள், தங்கள் சங்கத்தின் ஆண்டுவிழாவைச் சுற்றி மட்டும் கோடு கிழிக்கத் தயங்குவது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது. இக்கட்டுரை அந்தக் கோட்டைக் கிழிப்பதோடு நின்றுகொள்கிறது.

இச்சங்கங்களின் வரலாறு சுருக்கமாகச் சொல்லத்தக்கது. காரத் தொழிற்சாலைகளின் ஆய்வாளராக இருந்த ஜார்ஜ் டேவிஸ் என்பவர் 1880இல் இங்கிலாந்தில் வேதிப் பொறியாளர்களுக்கென ஒரு சங்கம் அமைக்க முயன்றார்; அம்முயற்சி மறு ஆண்டு வேதித் தொழிற் சங்கமாக வேறு பெயரில் முடிந்தது. பிறகு 1908இல் பிலடெல்ஃபியாவில் அமெரிக்கரும், 1922இல் பிரிட்டானியரும், 1947இல் ஹீராலால் ராயின் முயற்சியால் கல்கத்தாவில் இந்தியரும் தத்தமக்கெனக் கழகம் கண்டனர். இந்தியக் கழகத்துக்கு ஜாதவ்பூரில் தலைமையகமும், தொழிற்சாலைகள் நிறைந்த ஊர்களில் வட்டார மையங்களும், கல்லூரிகளில் மாணவர் கிளைகளும் உண்டு. 1944இல் தொடங்கிய அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியையும், 1969இல் இயங்கத் தொடங்கிய மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையையும் தன்னகத்தே கொண்ட சென்னை போன்ற நகரில் இத்தகைய மையம் தோன்றுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. காரணம் தேட வேண்டியது விழாவுக்குத்தான்.

ஆய்வு முறையை 1915இல் ஆர்தர் டி. லிட்டில் வகுத்துக் கொடுத்துவிட்டார். தொழிற்சாலை எதுவாயினும் அதில் நடப்பவை அரைத்தல், உலர்த்தல், வடிகட்டல், காய்ச்சி வடித்தல் முதலான ஒரு சில செயல்களின் வெவ்வேறு கோவைகளே என்று கூறி, அவற்றுக்கு அலகுச் செயல்பாடுகள் என்று அவர் பெயரிட்டார். அதே வழியில் நோக்கினால், தமிழ்நாட்டில் நடைபெறும் எந்த ஆண்டுவிழாவும் தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கேற்றல், வரவேற்புரை, ஆண்டறிக்கை, பொன்னாடை போர்த்தல், மலர் வெளியீடு, சிறப்புரை, நினைவுப் பரிசு, நன்றியுரை, நாட்டுப்பண், உணவு என்னும் அலகுகளின் கோவையே ஆகும். பல் மருத்துவர் சங்கத்தின் விழாவுக்கும் வேதிப் பொறியாளர் சங்கத்தின் விழாவுக்கும் உள்ள வேறுபாடு, மலரில் விளம்பரம் கொடுப்போர் பற்பசை செய்கிறவர்களா, பம்பும் வால்வும் செய்கிறவர்களா என்பதில் மட்டுமே அடங்கும்.

விழாவின் அகவையைக் குறிக்க வழங்கும் பொருள்களைப் பிறர் மங்கலச் சொற்களாக மட்டும் கொள்ளலாம்; வேதியியல் கற்றோர் அவ்வாறு விட்டுவிட இயலாது. இருபத்தைந்தாம் ஆண்டுக்குரிய வெள்ளி, காற்றில் கந்தகச் சேர்மம் சிறிதளவு இருந்தாலே கறுத்துவிடும். சுத்திகரிப்பு ஆலை உள்ள ஊரில் வெள்ளிவிழாக் கேடயம் எந்நிறம் அடையும் என்பதை உறுப்பினர்கள் நன்கு அறிவர். எழுபத்தைந்தாம் ஆண்டுக்குரிய பவளம் கால்சியம் கார்பனேட் என்னும் சுண்ணாம்புப் பொருளே. எலுமிச்சைச் சாறு பட்டாலும் நுரைக்கக் கூடியது. மிகவும் பொருத்தமானது அறுபதாம் ஆண்டுக்குரிய வைரம்தான். சாதாரண அழுத்தத்தில் வைரம் நிலையான பொருள் அன்று. கிராஃபைட் என்னும் பென்சில் கரியே கார்பனின் நிலையான வடிவம். வைரம் கரியாக மாறாமல் இருப்பது உறுதியினால் அன்று. மாறும் வேகம் அளவிட முடியாத அளவுக்குக் குறைவு என்பதனால்தான். அறுபது ஆண்டுகள் நீடித்த சங்கம் ஒன்றின் நிலைமையை இதைவிடத் துல்லியமாக எந்த வாழ்த்துச் செய்தியும் சொல்லிவிட முடியாது.

குத்துவிளக்கேற்றல் என்பது எரிதல் வினை. ஓர் எண்ணெயின் ஆவி தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளத் தொடங்கும் வெப்பநிலைக்குத் தீப்பற்று நிலை என்று பெயர். நல்லெண்ணெய்க்கு அது 250 டிகிரி செல்சியசுக்கும் மேல். ஆகவே எண்ணெயில் ஊறிய திரி நுனியில் மெழுகுவத்தியைக் காட்டினால் முதலில் ஒன்றும் நிகழாது. சிறப்பு விருந்தினர் காலணியைக் கழற்றிவிட்டு, புகைப்படக்காரரைப் பார்த்தபடி குனிந்து நிற்க, உருகிய மெழுகு அவர் விரலில் சொட்ட, மேலே உள்ள குளிரூட்டியின் காற்று சுடரைச் சாய்க்க, அரை நிமிடம் கழித்துச் செயலாளர் முன்வந்து திரி நுனியில் கற்பூரத்தை வைப்பார். கற்பூரத்தின் தீப்பற்று நிலை சுமார் 65 டிகிரி மட்டுமே ஆதலால் உடனே பற்றிக்கொள்ளும். இந்த எண்களை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் அரங்கம் நிறைய அமர்ந்திருந்தும், கற்பூரம் ஒவ்வோர் ஆண்டும் திரிக்குப் பின்னரே நினைவுக்கு வருவது கவனிக்கத்தக்கது. ஆலை வளாகத்தில் தீப்பெட்டியை வாயிற்காவலரிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே செல்லும் இவர்கள், கம்பளம் விரித்து மரப்பலகை பதித்த அரங்கில், புகை உணர் கருவிக்கு நேர் கீழே, ஐந்து முகமும் எரியும் சுடரை வேலை அனுமதிச் சீட்டு எதுவுமின்றி ஏற்றிவிட்டுக் கைதட்டுவதும் அவ்வாறே.

விழாவின் மையச் செயல்பாடு பொன்னாடை போர்த்தலாகும். அதற்குக் காய்ச்சி வடித்தல் பற்றிய அறிவு தேவைப்படுகிறது. கொதிநிலை வேறுபட்ட திரவங்களைப் பிரிக்கும் கோபுரத்தில், உச்சியில் ஏறும் ஆவியைக் குளிர்வித்து, அதில் ஒரு பகுதியை விளைபொருளாக எடுத்துக்கொண்டு, மறு பகுதியைக் கோபுரத்துக்குள்ளேயே திருப்பி ஊற்றுவார்கள். இவ்வாறு திருப்பி ஊற்றப்படுவது ரிஃப்ளக்ஸ் எனப்படும். எதையும் வெளியே எடுக்காமல் முழுவதையும் திருப்பி ஊற்றினால் அது முழு ரிஃப்ளக்ஸ். அந்நிலையில் கோபுரம் மிகத் திறமையாகப் பிரிக்கும், வெப்பம் முழு அளவில் செலவாகும், குளிர்நீர் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் விளைபொருள் ஒரு சொட்டும் கிடைக்காது. 1932இல் ஃபென்ஸ்கே வகுத்த சமன்பாடு இந்நிலைக்கு உரியது.

இப்போது பொன்னாடையைப் பின்தொடரலாம். சரிகைக் கரையிட்ட அந்தப் பாலியெஸ்டர் துணி, கண்ணாடித்தாள் உறை சரசரக்கப் பிரிக்கப்பட்டு, இந்நாள் தலைவரால் முன்னாள் தலைவருக்குப் போர்த்தப்படுகிறது. முன்னாள் தலைவர் கைகூப்பி, இருக்கையில் அமர்வதற்குள் அதை உருவி மடித்து நாற்காலியின் முதுகில் இடுகிறார். அங்கிருந்து அது காருக்கும், காரிலிருந்து வீட்டுப் பீரோவுக்கும் செல்கிறது. பீரோவில் அடுத்த விழா வரும்வரை ஓய்வெடுத்துவிட்டு, இல்லத்தரசியாரின் கைவண்ணத்தில் புதிய உறைக்குள் புகுந்து, இந்நாள் தலைவர் முன்னாள் தலைவராகும் நன்னாளில் அவர் தோளையே வந்தடைகிறது. போர்த்துவோரும் போர்த்தப்படுவோரும் ஒரே குழுவினராக இருக்கும்வரை இச்சுழற்சிக்குத் துணி எதுவும் புதிதாகத் தேவைப்படாது. இது முழு ரிஃப்ளக்ஸ் என்பதில் ஐயமில்லை. பொன்னாடைக்குப் பதில் புத்தகம் வழங்கும் சீர்திருத்தம் சில ஊர்களில் மேற்கொள்ளப்பட்டுள்ளது. புத்தகத்தையும் பிரிக்காமலே அடுத்தவருக்கு வழங்கலாம் என்பதால் இயக்க நிலையில் மாற்றம் ஏதும் ஏற்படவில்லை. ஆற்றல் சமநிலையின் நோக்கில் மட்டும் பொன்னாடையைக் குறை கூற இயலாது. நடுங்கும் அளவுக்குக் குளிரூட்டப்பட்ட அரங்கில் வெப்பக் காப்புப் பொருள் என்று சொல்லத்தக்கது அது ஒன்றே. ஆனால் அதைப் பெறுவோர் உடனே கழற்றிவிடுகின்றனர். பெறாதோர் கடைசி வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கின்றனர்.

உரைகளை ஆராய, 1953இல் பீட்டர் டேங்க்வெர்ட்ஸ் வெளியிட்ட தங்குநேரப் பரவல் என்னும் கோட்பாடு உதவும். ஒரு கலனுக்குள் நுழையும் திரவத்தின் துளிகள் எல்லாம் சம நேரம் உள்ளே தங்குவதில்லை. சில குறுக்கு வழியில் விரைந்து வெளியேறும், சில மூலையில் தேங்கி நகராமல் நிற்கும் என்று அவர் விளக்கினார். உள்ளே நடப்பதைக் கண்டறிய, நுழைவாயிலில் சிறிது சாயத்தைக் கலந்துவிட்டு, வெளிவாயிலில் அது எப்போது தென்படுகிறது என்று பார்ப்பது வழக்கம். விழாவில் இச்சாயத்தின் வேலையைப் பதிவு மேசையில் கொடுக்கப்படும் கழுத்துப்பட்டை செய்கிறது. கல்லூரிப் பேருந்தில் அழைத்து வரப்பட்ட மாணவர்கள் கதவோரம் அமர்ந்து, உணவுச் சீட்டு கைக்கு வந்த சில நிமிடங்களில் குறுக்கு வழியில் வெளியேறுவர். முதல் வரிசைச் சோபாக்களோ முழுமையான தேக்க மண்டலம். அதில் அமர்ந்தவர் நன்றியுரை முடியும்வரை நகர வழியில்லை. பேச்சாளர் ‘நேரத்தின் அருமை கருதிச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்’ என்று கூறுவது உரை பாதியை எட்டியதற்கான அடையாளம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. செயலாளரின் ஆண்டறிக்கையும், ‘மகிழ்ச்சி அடைகிறேன்’ என்று ஒரே வாக்கியத்தில் முடியும் வாழ்த்துச் செய்திகள் நிறைந்த மலரும் தனித்து ஆராயத் தக்கவை அல்ல.

எஞ்சியிருப்பது உணவு. பந்தியில் அமர்த்தி இலை போட்ட காலத்தில் இது தொகுதி முறையாக, அதாவது ஒரு குழு முழுவதும் முடித்து எழுந்த பின்னரே மறு குழு நுழைவதாக, இருந்தது. இன்று தட்டேந்தி நின்று உண்ணும் தொடர் முறைக்கு மாறிவிட்டது. தொடர் முறையில் எல்லாப் பண்டங்களும் தங்குதடையின்றி ஓடினாலும், தோசை மட்டும் தோசைக்கல்லில் தொகுதி முறையிலேயே வார்க்கப்படுகிறது. ஒரு கல்லில் ஒரு நேரத்தில் மூன்று தோசைக்கு மேல் இடமில்லை. மாஸ்டர் தண்ணீர் தெளித்து, துடைப்பத்தால் கல்லைத் துடைத்து, மாவை வட்டமாக இழுத்து, எண்ணெய் விட்டு, முறுகும்வரை காத்திருந்துதான் எடுக்க முடியும். ஒரு செயல்முறையின் மொத்த வேகத்தை அதன் மிக மெதுவான கட்டமே தீர்மானிக்கும் என்பது இத்துறையின் பாலபாடம். இத்தகைய இறுக்கங்களைக் கண்டறிந்து களைவதையே பிழைப்பாகக் கொண்ட பொறியாளர்கள் அனைவரும் தோசைக்கல்லுக்கு முன் வரிசையாக நின்று, கல்லையே பார்த்துக்கொண்டிருப்பர்.

மேடையில் எங்கும் கிட்டாத ஒன்று இவ்வரிசையில்தான் நிகழ்கிறது. இரு பொருள்களுக்கிடையே பரிமாற்றம் நடைபெற வேண்டுமெனில், அவை போதிய நேரம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதைத் தொடுநேரம் என்பர். ஓய்வுபெற்ற ஆலைப் பொறியாளர் ஒருவரும் மூன்றாமாண்டு மாணவி ஒருவரும் வேறு போக்கிடமின்றி அடுத்தடுத்து நிற்கும்போது, ‘பம்புக்குள்ளே ஜல்லி கொட்டின மாதிரி சத்தம் வந்தா என்ன அர்த்தம் சொல்லும்மா’ என்று அவர் கேட்கிறார். ‘பேரிங் போயிருக்கும் சார்’ என்கிறாள் அவள். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைந்தால் திரவம் கொதித்துக் குமிழாகி, அக்குமிழ்கள் உள்ளே நசுங்கி உடைந்து, பம்பின் இறகுகளை அரித்துத் தின்னும் கேவிடேஷன் என்னும் நிகழ்வை, கையிலிருந்த காலித் தட்டைப் பம்பாக வைத்து அவர் விளக்கி முடிக்கவும் தோசை வரவும் சரியாக இருக்கிறது. சங்கத்தின் அமைப்பு விதிகளில் அறிவுப் பரிமாற்றம் என்று எழுதப்பட்டிருப்பது இதுவாகவே இருக்க வேண்டும்.

மணலியின் கச்சா எண்ணெய்க் கோபுரத்திலும் மண்ணெண்ணெயும் டீசலும் எடுக்கப்படுவது உச்சியிலிருந்தோ அடியிலிருந்தோ அன்று, பக்கவாட்டுக் குழாய்களிலிருந்தே. ஆண்டுவிழாவின் விளைபொருளும் அவ்வாறு பக்கவாட்டில்தான் வெளிவருகிறது. அதற்குரிய தொடுநேரத்தை வழங்குவது தோசையின் தாமதம் ஒன்றே. ஆகவே கூட்டம் அதிகமாகிவிட்டதென்று அடுத்த ஆண்டு இரண்டாவது தோசைக்கல்லுக்கு ஏற்பாடு செய்யக் கருதியிருக்கும் விழாக் குழுவினர், அம்முடிவைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.